பிரெக்சிட்: பழி யார் தலையில்?

கேள்வி இது: "ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் மக்கள் 2016இல் வாக்களித்தார்கள். பிறகு ஏன் மூன்றரை ஆண்டு இழுத்தது? கேமரன், மே, ஜான்சன், கோர்பின், பிரஸ்ஸல்ஸ் என்று ஆளுக்கொருவரைக் கை காட்டுகிறார்கள். உண்மையில் தவறு யாருடையது? இன்னும் ஏன் சண்டை ஓயவில்லை?"

கேமரன், மே, ஜான்சன் மூவரும் அடுத்தடுத்து வந்த கன்சர்வேடிவ் பிரதமர்கள். கோர்பின் அன்றைய எதிர்க்கட்சியான லேபரின் தலைவர். பிரஸ்ஸல்ஸ் என்றால் ஒன்றியத்தின் தலைமை. வாக்குச்சீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். 2016 ஜூன் 23 அன்று கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று: ஒன்றியத்தில் தொடர்வதா, வெளியேறுவதா. வெளியேறி எங்கே போவது என்று சீட்டில் இல்லை. வெளியேற 1.74 கோடிப் பேர், தொடர 1.61 கோடிப் பேர், 51.9க்கு 48.1 சதவீதம். தொடரலாம் என்ற 1.61 கோடிப் பேரும் சொன்னது ஒரே இடத்தை, அன்றைக்கு நின்ற இடத்தை. வெளியேறலாம் என்றவர்களுக்கு முன்னால் குறைந்தது நான்கு இடங்கள் இருந்தன. ஜெயித்த அணிக்குள்ளேயே நான்கு அணிகள் இருந்தன என்பதை மறந்துவிட்டால் பின்னால் நடந்த எதுவும் புரியாது.

அந்த நான்கும் என்ன? நார்வே போல, எல்லா நாட்டுக்கும் ஒரே சந்தை விதி என்ற ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம். சரக்குக்குச் சிக்கல் குறைவு. ஆனால் பிரஸ்ஸல்ஸ் எழுதும் சந்தை விதிகளை வாக்குரிமை இல்லாமல் ஏற்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், ஐரோப்பியர் வந்து வேலை செய்ய வழிவிட வேண்டும். துருக்கி போல சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருக்கலாம். தொழிற்சாலைப் பொருளுக்கு இடையில் வரி கிடையாது. ஆனால் வெளிநாட்டுப் பொருளுக்கு என்ன வரி என்பதை பிரஸ்ஸல்ஸ்தான் முடிவு செய்யும், தனியாக ஒப்பந்தம் போட முடியாது. கனடா போல வெறும் வணிக ஒப்பந்தம் போடலாம். கை சுதந்திரமாக இருக்கும், எல்லையில் காகிதமும் சோதனையும் வரும். கடைசி வழி, ஒப்பந்தமே இல்லாமல் உலக வணிக அமைப்பின் பொது வரிக்குப் போவது. அப்போது ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு காருக்கும் 10 சதவீதம்.

ஐரோப்பியத் தரப்பில் பேச்சுவார்த்தை நடத்திய மிஷேல் பார்னியே 2017 டிசம்பரில் இதை ஒரு படிக்கட்டுப் படமாகவே போட்டுக் காட்டினார். ஆட்கள் தடையின்றி வருவது வேண்டாமா, நார்வே படி போயிற்று. தனி ஒப்பந்தம் போட உரிமை வேண்டுமா, துருக்கி படி போயிற்று. மிச்சம் கனடா. தெரேசா மே 2017 ஜனவரி 17 உரையிலேயே இந்தச் சிவப்புக் கோடுகளை, அதாவது விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனைகளை, எல்லாம் போட்டுவிட்டார். கனடா படியில் நிற்பதன் விலை என்ன என்பதைத்தான் அடுத்த இரண்டாண்டு அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அந்த விலை முதலில் தெரிந்தது அயர்லாந்தில்.

வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. அங்கே இருந்த சுங்கச் சாவடிகள் 1993இல் ஒற்றைச் சந்தை வந்தபோது எடுக்கப்பட்டன. ராணுவக் காவல் கோபுரங்கள், வட அயர்லாந்தின் நீண்ட வன்முறைக்கு முடிவு கட்டிய 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. மறுபடி ஒரு சாவடி வைத்தால் அது முதல் குண்டுக்கான இலக்கு என்று காவல்துறையே எச்சரித்த இடம். இந்நிலையில் லண்டனுக்கு மூன்று ஆசைகள்: ஒற்றைச் சந்தையும் சுங்க ஒன்றியமும் வேண்டாம், அயர்லாந்துத் தீவுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம், வட அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் நடுவே கடலில் சோதனை வேண்டாம். மூன்றில் எந்த இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், மூன்றையும் சேர்த்து முடியாது. பாகம் பிரித்தால் நடுச்சுவர் எங்காவது எழும்பத்தான் செய்யும். முற்றத்திலும் வேண்டாம், கொல்லையிலும் வேண்டாம், ஆனால் பத்திரம் மட்டும் தனியாக வேண்டும் என்றால் கொத்தனார் என்ன செய்வார்?

மே முதல் ஆசையை விட்டார். வேறு வழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பரப்பில் இருக்கும் என்பதுதான் 'பேக்ஸ்டாப்'. ஜான்சன் மூன்றாவதை விட்டார். ஒப்பந்தமின்றிப் போகலாம் என்றவர்கள் இரண்டாவதை விடத் தயார், ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். உலகில் எந்தச் சுங்க எல்லையிலும் சோதனையை முழுக்க ஒழித்த தொழில்நுட்பம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நார்வே, ஸ்வீடன் எல்லையிலேயே லாரி நிற்கிறது. யார் எந்த ஆசையை விட்டாலும் மற்ற இருவர் பார்வையில் அவர் துரோகி. பிரெக்சிட் காலத்து வசவுகளில் பெரும்பகுதிக்கு இந்த முக்கோணம்தான் மூலம்.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

கேமரன்மீது உள்ள குற்றச்சாட்டில் வாக்கெடுப்பு வைத்ததைவிட வைத்த விதம்தான் கனமானது. 2013 ஜனவரியில் அவர் வாக்குறுதி கொடுத்தது தன் கட்சிக்குள் இருந்த பிளவை மூடுவதற்கும், வெளியேறுவதையே கொள்கையாகக் கொண்ட யுகிப் கட்சி வாக்கைப் பிரிக்காமல் தடுப்பதற்கும். 1975இல் லேபர் பிரதமர் வில்சனும் இதே காரணத்துக்காக இதே வித்தையைச் செய்தார். அவருக்கு 67 சதவீதம் கிடைத்தது, கேமரனுக்குக் கிடைக்கவில்லை. தோற்றால் என்ன என்பதற்குத் திட்டம் எதுவும் எழுத வேண்டாம் என்று அரசு அதிகாரிகளுக்கு அவர் ஆட்சி சொல்லியிருந்தது. அதைப் படு அலட்சியம் என்று நாடாளுமன்றக் குழுவே பின்னர் கண்டித்தது. முடிவு வந்த அன்று காலையே அவர் பதவி விலகுவதாக அறிவித்தபோது, மேசைமேல் வெள்ளைத்தாள்கூட இல்லை.

மேயின் பெரிய பிழை 2017 மார்ச் 29 அன்று, வெளியேறும் நடைமுறையைச் சொல்லும் ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவைத் தொடங்கியது. அந்தப் பிரிவு இரண்டாண்டுக் கடிகாரம். நீட்டிக்க 27 நாடுகளும் ஒப்ப வேண்டும். எங்கே போவதென்று அமைச்சரவைக்குள் ஒத்துவராமல் கடிகாரத்தை ஓடவிட்டால் நேரம் எதிராளியின் கையில். போதாக்குறைக்கு ஜூன் 8 தேர்தலில் பெரும்பான்மையையும் தொலைத்து, 317 இடங்களோடு, பிரிட்டனோடு இணைந்திருப்பதையே உயிராகக் கொண்ட வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் 10 எம்.பி.க்களை நம்பி ஆள வேண்டியதாயிற்று. முக்கோணத்தின் மூன்றாவது முனையில் சமரசமே கிடையாது என்ற கட்சி அது! இதைவிடப் பொருந்தாத துணையைத் தேடினாலும் கிடைத்திருக்காது.

லேபர் கட்சியும் தப்ப முடியாது. 50ஆம் பிரிவு மசோதா 498க்கு 114 என்று நகர்ந்தபோது ஆதரிக்கும்படி கொறடா உத்தரவு போட்டவர் கோர்பின். அவர் நிலைமையும் சங்கடமானதுதான். லேபர் வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொடர்வதற்கு வாக்களித்தவர்கள். லேபர் தொகுதிகளில் பத்தில் ஆறு வெளியேறும் பக்கம் சாய்ந்தவை. மாநகரத்து இளைஞரையும் வடக்கு இங்கிலாந்தின் பழைய சுரங்க ஊர்களையும் ஒரே வாக்கியத்தில் திருப்திப்படுத்தப் பார்த்து, இரண்டாண்டு யாருக்கும் புரியாத வாக்கியங்களையே கட்சி பேசியது.

பழியை வாக்கு எண்ணிக்கையில் பார்த்தால் தெளிவு கிடைக்கும். மேயின் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 202க்கு 432 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் அவர் கட்சியினரே. மார்ச் 12 அன்று 242க்கு 391. மார்ச் 29 அன்று 286க்கு 344. இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். வித்தியாசம் 58, அதாவது 30 பேர் பக்கம் மாறியிருந்தால் நிறைவேறியிருக்கும். அன்று எதிர்த்த கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் 34. அவர்களில் 28 பேர் 'இது போதாது' என்ற கடும் வெளியேற்றக்காரர்கள், 6 பேர் 'வெளியேறவே வேண்டாம்' என்றவர்கள். இரு துருவமும் ஒரே கதவு வழியாக நுழைந்து ஒரே ஒப்பந்தத்தைக் கவிழ்த்தன. ஜான்சன்கூட அன்று ஆதரவாகத்தான் வாக்களித்தார் என்பது பலருக்கு நினைவில்லை.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 1 அன்று, நிரந்தர சுங்க ஒன்றியம் என்ற கன்சர்வேடிவ் எம்.பி. கென் கிளார்க்கின் தீர்மானம் 273க்கு 276 என்று மூன்றே வாக்கில் போனது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. மறுவாக்கெடுப்பையே குறியாக வைத்திருந்த சில எம்.பி.க்கள் அதை ஆதரிக்கவில்லை. இந்தச் சமரசம் தேறிவிட்டால் தங்கள் கோரிக்கை செத்துவிடும் என்ற கணக்கு. அதே இரவில் மறுவாக்கெடுப்பும் 280க்கு 292 என்று தோற்றது. மென்மையான பிரெக்சிட்டைக் கொன்றவர்கள் கடும் வெளியேற்றக்காரர்கள் மட்டும்தான் என்று சொல்லும் பிரெக்சிட் எதிர்ப்பாளர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஜான்சன் ஜூலை 24 அன்று பிரதமரானார். 2018 நவம்பரில் டி.யு.பி. மாநாட்டிலேயே போய், கடலில் எல்லை போடும் ஏற்பாட்டுக்கு எந்தக் கன்சர்வேடிவ் அரசும் கையெழுத்திட முடியாது என்று பேசியவர். 2019 அக்டோபரில் அவர் ஒப்புக்கொண்டது அதைத்தான். ஒரு வேலையை அவர் மேயைவிடத் திறமையாகச் செய்தார்: எதை விட்டுக்கொடுத்தார் என்பதைத் தேர்தல் முடியும்வரை யாரும் கவனிக்காமல் பார்த்துக்கொண்டார். நாடாளுமன்றத்தை அவர் தள்ளிவைத்தது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒப்பந்தமின்றி வெளியேறுவதைத் தடுக்க அவரை எதிர்த்து வாக்களித்த 21 கன்சர்வேடிவ் எம்.பி.க்களைக் கட்சிக் குழுவிலிருந்தே நீக்கினார். அதில் முன்னாள் நிதியமைச்சர் ஹாமண்டும் சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸும் இருந்தார்கள். அவருடைய சொந்தத் தம்பி ஜோ ஜான்சன், குடும்பப் பாசத்துக்கும் நாட்டு நலனுக்கும் நடுவில் நிற்க முடியவில்லை என்று அமைச்சர் பதவியை விட்டுப் போனார். டிசம்பர் 12 தேர்தலில் கன்சர்வேடிவ் 365, லேபர் 202. மறுவாக்கெடுப்பு கேட்ட கட்சிகள் எல்லாம் சேர்ந்து பாதிக்குச் சற்று மேல் வாக்கு வாங்கியும் பயனில்லை. தொகுதி முறையில் சிதறிய வாக்கு தோற்கும். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது.

டி.யு.பி.யைப் பற்றி ஒரு வரி. வெளியேற ஆதரவு, மேயின் ஒப்பந்தத்துக்கு மூன்று முறையும் எதிர்ப்பு, கடைசியில் தாங்கள் மிகவும் பயந்த கடல் எல்லை தங்கள் வாசலிலேயே. பிறகு அதை எதிர்த்து 2022 பிப்ரவரி முதல் இரண்டாண்டு வட அயர்லாந்து அரசையே முடக்கினார்கள்.

பிரஸ்ஸல்ஸ்மீது தவறே இல்லையா? கொஞ்சம் உண்டு. முதலில் பணம், குடிமக்கள் உரிமை, அயர்லாந்து. அப்புறம்தான் வணிகம் என்ற வரிசையை அவர்கள் திணித்தார்கள். எல்லை எப்படி இருக்கும் என்பது வணிக ஒப்பந்தத்தைப் பொறுத்தது என்பதால் அந்த வரிசை தர்க்கப்படி கோணல். ஆனால் அதற்கு எதிராகப் பெரிய போர் நடக்கும் என்று முழங்கிய பிரிட்டன் அமைச்சர் டேவிட் டேவிஸ், 2017 ஜூன் 19, பேச்சின் முதல் நாளே ஒப்புக்கொண்டு வந்தார். 'பிரஸ்ஸல்ஸ் தண்டித்தது' என்பது பெரும்பாலும் உறுப்பினர் அல்லாதவரை உறுப்பினர் அல்லாதவராக நடத்தியதற்கு வைத்த பெயர்.

இனி எல்லையில் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் 'வரி இல்லாத ஒப்பந்தம் இருக்கிறதே, பிறகென்ன?' என்ற வாதம் எங்கே தடுக்கிறது என்பது தெரியும். 2020 டிசம்பர் 24 ஒப்பந்தப்படி வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் அது பிரிட்டனில் உருவான பொருளுக்கு மட்டும். திருப்பூரில் தைத்த பனியன் லண்டன் கிடங்குக்கு வந்து, அங்கே பெட்டி மாற்றி டப்ளின் கடைக்குப் போனால், அது பிரிட்டன் பொருள் ஆகாது, ஐரோப்பிய வரி விழும். கழுவுவது, பொதிவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் 'உருவாக்கியதாக' எண்ணப்படாது. பிரபல கடைச் சங்கிலி ஒன்றின் பன்றிமுக மிட்டாய் ஜெர்மனியில் தயாராகி, பிரிட்டன் வந்து, அயர்லாந்து போகும்போது வரிக்கு உள்ளானது 2021 ஜனவரியில் பெரிய கேலிப்பொருள்.

இறைச்சி, பாலாடைக்கட்டி, மீன் என்றால் இன்னும் ஒரு படி. ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவர் போன்ற சான்று அதிகாரி கையெழுத்திட்ட ஏற்றுமதிச் சுகாதாரச் சான்று, சுங்க அறிவிப்பு, முன்கூட்டியே தகவல், குறிப்பிட்ட சோதனைத் துறைமுகம் வழியாக மட்டும் நுழைவு. லாரி நிறைய ஒரே பொருளை அனுப்பும் பெரிய நிறுவனத்துக்குச் சான்றுச் செலவு ஒரு கிலோவுக்குச் சில காசு. ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளருக்கு ஒரு பெட்டி பாலாடைக்கட்டி அனுப்பும் சிறு தயாரிப்பாளருக்குப் பொருளின் விலையைவிடச் சான்று அதிகம். அவர் அந்த வியாபாரத்தை விட்டுவிடுவார். பல சிறு வியாபாரிகளின் சரக்கைச் சேர்த்து ஏற்றும் லாரியில் ஒருவர் சான்றில் ஒரு முத்திரை தப்பினாலும் எல்லோர் சரக்கும் நிற்கும். 'பி' தரக் கடல்நீரில் எடுத்த சிப்பியைச் சுத்திகரிக்காமல் உயிரோடு அனுப்பவே முடியாது. உள்ளே இருந்தபோது அனுப்பலாம், வெளிநாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. வேல்ஸ் சிப்பி வியாபாரிகள் இதில்தான் அடிபட்டார்கள். பிரிட்டன் ஏற்றுமதிக்கு ஒப்பந்தம் தொடங்கிய முதல் நாளிலிருந்தே ஐரோப்பியச் சோதனை. இறக்குமதிக்கு பிரிட்டன் தன் பக்கச் சோதனையை ஐந்து முறை தள்ளிப்போட்டு 2024இல்தான் தொடங்கியது. தன் விவசாயிக்கு ஒரு சட்டம், எதிரில் வரும் லாரிக்குச் சலுகை. இதற்கு பிரஸ்ஸல்ஸைக் குறை சொல்ல வழியே இல்லை.

புள்ளிவிவரச் சண்டையில் இரு பக்கமும் சுத்தமில்லை. வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம் என்று வெளியேறும் அணி தன் பிரசார பஸ்ஸில் எழுதியது தள்ளுபடிக்கு முந்தைய தொகை. தாட்சர் 1984இல் வாங்கிய தள்ளுபடியைக் கழித்தால் சுமார் 25 கோடி. விவசாய மானியமாகத் திரும்பி வருவதைக் கழித்தால் இன்னும் குறைவு. மறுபக்கம், வெளியேற வாக்களித்த உடனே பொருளாதாரம் சுருங்கும் என்று நிதித்துறை மிரட்டியது நடக்கவில்லை. அந்தப் பொய்யான அவசர மிரட்டலால்தான் பின்னால் வந்த மெதுவான இழப்பை யாரும் நம்பாமல் போனார்கள் என்பேன். அரசின் தன்னாட்சிக் கணிப்பு அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் சொல்லும் 4 சதவீத இழப்பு, இன்றைய வருமானத்தில் வெட்டு அல்ல. உள்ளேயே இருந்திருந்தால் எட்டியிருக்கும் உற்பத்தித் திறனைவிட நீண்ட காலத்தில் அவ்வளவு குறைவு. தெரியாமல் குறைவதால் அதை வைத்து ஊர்வலம் நடத்த முடியாது. கோவிட் தடுப்பூசிக்கு முதலில் அனுமதி கொடுத்தது பிரெக்சிட்டால் என்பதும் தவறு: 2020 டிசம்பர் 2 அன்று பிரிட்டன் இன்னும் ஐரோப்பியச் சட்டத்தின் கீழ்தான் இருந்தது, அந்தச் சட்டமே அவசர அனுமதிக்கு இடம் தந்தது. தனியாகக் கொள்முதல் செய்யத் துணிந்தது மட்டும் வெளியேறியவர்களின் நியாயமான பெருமை. சேவை ஏற்றுமதி நன்றாகவே வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடி வாங்கியது சரக்கு.

குடியேற்றத்தில்தான் வாக்களித்தவர்களின் கோபம் திரும்பி வந்தது. ஐரோப்பியர் வருகை குறைந்தது. அந்த இடத்தை இந்தியா, நைஜீரியா முதலிய நாடுகளின் மாணவரும் முதியோர் பராமரிப்புப் பணியாளரும் நிரப்பினார்கள். 2023 ஜூனில் முடிந்த ஆண்டில் நிகர வருகை 9 லட்சத்தைத் தாண்டியது, 2016இல் இருந்ததைவிட இரண்டரை மடங்குக்கு மேல். அந்த விசா விதிகளை எழுதியது ஜான்சன் அரசு. 2024 ஜூலையில் கன்சர்வேடிவ் 121 இடங்களுக்குச் சரிய, ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14 சதவீத வாக்கு வாங்கியதன் பின்னால் இதுவும் உண்டு. பிரெக்சிட்டை முன்நின்று கேட்டவரே, அது சரியாகச் செய்யப்படவில்லை என்று சொல்லியே மறுபடி வளர்கிறார்.

பிளவின் வசைமொழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் இந்த நாட்களே சாட்சி. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, லேபர் எம்.பி. ஜோ காக்ஸ் தன் தொகுதியிலேயே தீவிர வலதுசாரி ஒருவனால் கொல்லப்பட்டார். சில மாதம் கழித்து, 50ஆம் பிரிவைத் தொடங்க நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று சொன்ன மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு 'மக்களின் எதிரிகள்' என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத் தலைப்பிட்டது.

இப்போது யாராவது 'பிரெக்சிட்டைச் சரிசெய்வேன்' என்றால், அவர் மூன்று ஆசைகளில் எதை விடுகிறார் என்று மட்டும் கேளுங்கள். கன்சர்வேடிவ் பிரதமராக இருந்த சுனக்கின் 2023 வின்ட்சர் ஏற்பாடு கடல் எல்லையை அகற்றவில்லை. வட அயர்லாந்திலேயே விற்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, குடியரசுக்குப் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று மெலிதாக்கியது, அவ்வளவே. லேபர் பிரதமராக ஸ்டார்மர் 2025 மே 19 அன்று ஒத்துக்கொண்ட உணவுச் சுகாதார உடன்பாடு லாரிச் சோதனையைக் குறைக்கும். பதிலுக்கு அந்தத் துறையில் ஐரோப்பிய விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்ற வேண்டும், மீன்பிடி உரிமை 2038 வரை நீளும். 'சரணாகதி' என்ற கூச்சல் அன்று மாலையே எழுந்தது. அதே ஸ்டார்மர் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், தடையற்ற வருகை மூன்றும் கிடையாது என்றும் சொன்னதால் மறுபக்கத்துக்கும் திருப்தி இல்லை.

மறுபடி சேர்வது? 2022 முதல் பெரும்பாலான கருத்துக்கணிப்புகளில் வெளியேறியது தவறு என்பவர்களே அதிகம். ஆனால் அதற்கு 27 நாடுகளும் ஒப்ப வேண்டும். தாட்சரின் தள்ளுபடி திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். சுங்க ஒன்றியத்தில் மட்டும் சேரலாம் என்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்தான வணிக ஒப்பந்தம் பிரிட்டன் சுங்க ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால்தான் சாத்தியமானது. உள்ளே போனால் திருப்பூர்ப் பனியனுக்கு லண்டனில் என்ன வரி என்பதை லண்டன் முடிவு செய்யாது.